பொருந்தும் பல்பும் சரியான பல்பும்

தில்லியில் பனிமூட்டக் காலம் தொடங்கியவுடன் கல்விப்புலத்தாரின் உரையாடல்களில் ஒரு குற்றச்சாட்டு தவறாது எழுகிறது. இரவில் எதிரே வரும் சிறு சரக்கு வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது, அதன் ஓட்டுநருக்குக் குடிமை உணர்வு இல்லை, படிப்பறிவும் இல்லை, சலான் ஒன்றே அவருக்குப் புரியும் மொழி. அதிகாரம் பற்றிய கோட்பாடுகளை வகுப்பில் விளக்கிவிட்டு வெளியே வருபவர்களும் வாடகைக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்ததும் இதையே கூறுகின்றனர். கண் கூசுவது உண்மை. அது உயிரைப் பறிக்கக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் ஆராயப்படாத முன்முடிவு. ஒரு பிக்கப் வண்டிக்குச் சரியான மாற்றுப் பல்பைத் தேடிப் பெறுவது எத்தகைய வேலை என்று ஒருமுறையேனும் விசாரித்தவரால் அந்த முன்முடிவைத் தொடர்ந்து சுமக்க இயலாது.

முதலில், அந்த ஓட்டுநர் ஏன் இரவில் ஓட்டுகிறார் என்பதைக் கேட்க வேண்டும். தில்லியின் பல சாலைகளில் சரக்கு வாகனங்களுக்குப் பகல் நேரத்தில் நுழைவுத்தடை உண்டு. நகரம் உறங்கும்போதுதான் அதற்கு வேண்டிய காய்கறியும் பழமும் ஆசாத்பூர் மண்டிக்குள் வந்து சேர்ந்து, அங்கிருந்து சிறு வண்டிகளில் ஏறிப் பிரிகின்றன. எனவே முகப்பு விளக்கு அவருக்கு வசதிப்பொருள் அன்று, பிழைப்புக் கருவி. இரவில் ஒரு பல்பு அணைந்துபோனால், மறுநாள் மாலைக்குள் மாற்றியாக வேண்டும். அணைந்த பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் செல்லும் இடம் பெரும்பாலும் காஷ்மீரி கேட். ஆசியாவின் மிகப்பெரிய வாகன உதிரிபாகச் சந்தை என்று தில்லிவாசிகள் பெருமையோடு குறிப்பிடும் அந்தச் சந்துகளில் அவருக்கு வேண்டிய பல்பு உறுதியாக இருக்கிறது. அதன் அருகிலேயே, அதே பெயரில், அவருக்கு வேண்டாத பல்புகளும் இருக்கின்றன. சிக்கல் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். வாகனப் பல்புகளின் பெயர்களிலும் இவ்விரு வகையும் உள்ளன. பின்விளக்கில் பொதுவாக இடம்பெறும் ‘பி21/5டபிள்யூ’ காரணப்பெயர். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். பிரேக் அழுத்தும்போது 21 வாட், வெறுமனே பின்விளக்காக எரியும்போது 5 வாட். ‘பிஒய்21டபிள்யூ’ என்பதில் வரும் ‘ஒய்’ மஞ்சட்செம்மை நிறத்தைக் குறிக்கிறது. திரும்பும் திசையைக் காட்டும் விளக்குக்கு உரியது. ஆனால் முகப்பு விளக்கில் எரியும் ‘எச்4’ ஏறத்தாழ முழு இடுகுறி. ‘எச்’ என்பது ஹாலஜனைச் சுட்டுகிறது. 4 என்ற எண் எதையும் அளப்பதில்லை. அது வகையின் வரிசைப்பெயர் மட்டுமே.

இடுகுறியைக் காரணப்பெயராகப் படிப்பது மனித இயல்பு. எச்4ஐவிட எச்7 உயர்ந்தது, அதைவிட எச்11 உயர்ந்தது என்று கருதுவோர் உளர். உண்மையில் எச்7 ஒற்றை இழை கொண்டது. 55 வாட் திறனில் 1500 லூமன் ஒளி தருவது. எச்4 இரட்டை இழை கொண்டது. உயர் ஒளிக்கு 60 வாட்டில் 1650 லூமன், தாழ் ஒளிக்கு 55 வாட்டில் 1000 லூமன். இவை 37ஆம் எண் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியில் வகுக்கப்பட்ட பெயரளவுகள். இரண்டின் அடிப்பாகமும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. இதில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை. இவ்விளக்கம் எந்தக் கடையின் சுவரிலும் ஓட்டுநர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

பெயர் கைவிடும் இடத்தில் காப்பாற்றுவதற்கென்றே பல்பின் அடிப்பாகம் ஓர் இலக்கணமாக அமைக்கப்பட்டுள்ளது. பின்விளக்கின் இரட்டை இழைப் பல்பில் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஆகவே தலைகீழாகத் திருப்பி மாட்ட முடியாது. 21 வாட் இழையும் 5 வாட் இழையும் இடம் மாறா. மஞ்சட்செம்மைப் பல்பின் முளைகள் நேரெதிராக அமையாமல் 150 பாகைக் கோணத்தில் நிற்கும். அதன் ஹோல்டரில் வெள்ளைப் பல்பு ஏறாது. எச்4இன் அடிவளையத்தில் மூன்று காதுகள். மேலுள்ளது மற்ற இரண்டைவிட அகலமானது. எனவே ஒரே நிலையில்தான் அமரும். பிழையான தொடரைச் சொல்லவே இயலாத ஒரு மொழியை உருவாக்கப் பொறியியலாளர் முயன்றிருக்கின்றனர். எழுத்தறிவு இல்லாதவரும் பிழை செய்யாமல் இருக்க வழிவகுத்த மதிப்புமிக்க சிந்தனை அது.

அந்த இலக்கணத்தைச் சந்தை வேண்டுமென்றே உடைத்துள்ளது. அதே மூன்று காதுகளுடன், அதே எச்4 என்ற பெயருடன், 100/90 வாட் பல்பு விற்கப்படுகிறது. சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை பெட்டியின் மூலையில் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்தால் அதுவே பெரிது. அதே காதுகளுடன் எல்இடி பல்பும் விற்கப்படுகிறது. மாட்டினால் அமர்கிறது, சுவிட்சைப் போட்டால் எரிகிறது. கையிலுள்ள பழைய பல்பையும் புதிய பல்பையும் அருகருகே வைத்து அடிப்பாகத்தை ஒப்பிட்டு வாங்குகிற ஓட்டுநர் கவனக்குறைவானவர் அல்லர். அவரால் இயன்ற மிகச் சரியான சோதனையை அவர் செய்திருக்கிறார். அச்சோதனையைப் பொய்யாக்கியவர் வேறொருவர்.

ஏன் அது பொய் என்பதை அறிய எச்4இன் உள்ளே பார்க்க வேண்டும். உயர் ஒளி இழை எதிரொளிப்பானின் குவியப் புள்ளியில் அமைகிறது. தாழ் ஒளி இழை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அக்கிண்ணம் மறைத்துவிடுவதால் எதிரொளிப்பானின் மேற்பாதி மட்டுமே ஒளி பெறுகிறது. மேற்பாதியில் பட்ட ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தக் கிண்ணத்தின் இடமும் இழையின் இடமும்தான். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளியின் வடிவம் மாறும். எல்இடியில் இழை இல்லை. தட்டையான பலகையின் இரு முகங்களில் ஒளிப்புள்ளிகள் உள்ளன. உருளை வடிவ இழைக்காக வளைக்கப்பட்ட எதிரொளிப்பான் அதைத் தவறாகவே விளங்கிக்கொள்கிறது. தாழ்வாக விழ வேண்டிய ஒளியின் ஒரு பகுதி மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பனிமூட்டத்தில் அதே ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, ஓட்டுநரின் முன்னாலேயே வெண்சுவராக நிற்கிறது. விலை கொடுத்து வாங்கியவரும் அதிகமாகப் பார்ப்பதில்லை.

இந்தியச் சரக்கு வண்டிகளின் பின்புறத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பல்லாண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஒரு தொடர் அனைவரும் அறிந்தது: இரவில் டிப்பர் பயன்படுத்துக. ஒருவருக்கொருவர் முகமறியாத ஓட்டுநர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. குடிமை உணர்வு என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் அதன் பொருளைத் தங்கள் வண்டியின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தவறான பல்பு மாட்டப்பட்ட வண்டியின் ஓட்டுநரும் எதிரே வண்டியைக் கண்டதும் டிப்பரைத் தட்டுகிறார். அவரளவில் உடன்படிக்கை நிறைவேறிவிட்டது. விளக்கு மட்டும் தாழவில்லை. எதிரே வருபவர் அதை ஆணவமாகப் படிக்கிறார். பணிவாகச் சொல்லப்பட்ட சொல் வசையாகப் போய்ச் சேர்கிறது. பல்கலைக்கழகத்தார் ‘பண்பாட்டுக் குறை’ என்று பெயரிடுவது இந்த இயந்திரப் பிழையைத்தான்.

100/90 வாட் பல்பின் தீங்கு மற்றொரு வகையானது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டம் கேட்கும். 100 வாட் பல்பு 8.3 ஆம்பியர் கேட்கும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதே பழைய வயரில் வெப்பம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகுகிறது, சுவிட்சு கருகுகிறது. இதைத் தவிர்க்க ரிலேயும் தடித்த வயரும் பீங்கான் ஹோல்டரும் கொண்ட தனித் தொகுப்பை அதே கடையே விற்கிறது. நோயையும் மருந்தையும் ஒரே மேசையில் வைத்து விற்கும் வணிகம் இது.

அப்படியானால் ஓட்டுநர் ஏன் கூடுதல் ஒளியை நாடுகிறார்? ‘பேராசை’, ‘பகட்டு’ என்ற விடைகள் எளியவை. உண்மைக் காரணம் அவரது வண்டியிலேயே இருக்கிறது. வண்டி பழையதாகும்போது வயரும் இணைப்புகளும் மின்னழுத்தத்தை விழுங்குகின்றன. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். புறஊதாக் கதிர் பட்டு விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளாகி மங்குகிறது. எதிரொளிப்பானின் பளபளப்பு போகிறது. புதிய பல்பு இவற்றுள் எதையும் தீர்க்காது. வயரைச் சீராக்குவதும் முகப்பை மெருகேற்றுவதும் தீர்க்கும்.

பிக்கப் வண்டிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தாழ் ஒளி பொதுவாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் கீழ்நோக்கிச் சரியுமாறு அமைக்கப்படுகிறது. முன், பின் சக்கரங்களுக்கிடையே 3 மீட்டர் உள்ள ஒரு வண்டியில் சரக்கு ஏறி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 3 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்தாலே அந்தச் சரிவு முழுதும் அழிந்துவிடும். அதற்கு மேல் தாழ்ந்தால் தாழ் ஒளி வானத்தை நோக்கும். சாலை இருண்டுபோகிறது, எதிரே வருபவருக்கோ கண் கூசுகிறது. விளக்கின் கோணத்தைத் திருத்த வேண்டிய இடத்தில் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அறிவுரை, ‘பவர் கூடின பல்பு போடுங்கள்’ என்பதே. அவரது குறை உண்மையானது; அதற்கு விற்கப்படும் விடை பொய்யானது.

இனிச் சட்டத்தைப் பார்க்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ என்ற பிரிவை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றி அமைத்தது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விதிக்கு மாறான பாதுகாப்பு உறுப்புகளை விற்கும் உற்பத்தியாளருக்கும் அதே பிரிவில் தண்டனை உண்டு. பல்புகளுக்கென்று ஏஐஎஸ்-034 என்ற தரநிலையும் இந்தியாவில் உள்ளது. ஏட்டளவில் சமநீதி. நடைமுறையில், சாலையோரம் நிறுத்தப்பட்ட வண்டி கண்ணுக்குத் தெரிகிறது; பல்பு எங்கே செய்யப்பட்டது, யார் இறக்கினார், யார் ‘எச்4’ என்று அச்சிட்டார் என்பது தெரிவதில்லை. சலான் கருவி வண்டியின் எண்ணைப் படிக்கும். பெட்டியின் மீதுள்ள பொய்யைப் படிக்காது. காஷ்மீரி கேட்டில் பட்டப்பகலில் வெளிப்படையாக விற்கப்படும் பொருளை வாங்கியதற்காக, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நள்ளிரவில் ஒருவர் தண்டிக்கப்படுகிறார். விற்பனை குற்றமாகத் தோன்றாத நகரத்தில் வாங்கியது மட்டும் குற்றமாகிறது.

‘என்ன இருந்தாலும் பெட்டியின் மீது எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?’ என்பது அடுத்த வாதம். படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையைத் தில்லியில் எழுப்புவதற்கு முன் 2010ஆம் ஆண்டை நினைவுகூர்வது நன்று. 1968இல் வாங்கப்பட்டுப் பல்லாண்டுகளாகப் பயன்பாடின்றிக் கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்றைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலிருந்து அவ்வாண்டு பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலம் விட்டனர். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் சந்தையில் அது பிரிக்கப்பட்டது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். மேலும் பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர். அக்கருவியின் பெயரையும் பொருளையும் அறியும் வாய்ப்பு முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இருந்தது. விலை கொடுத்தவர் காயலான் கடைத் தொழிலாளி. பல்பையும் கோபால்ட்டையும் ஒரே தராசில் வைப்பது இதன் நோக்கமன்று. பெயரைப் படிக்கும் பொறுப்பு எப்போதும் சங்கிலியின் கடைசியில் நிற்பவர்மீதே இறக்கி வைக்கப்படுகிறது என்பதும், மேலே நிற்பவர்கள் படித்தவர்கள் என்பது எவருக்கும் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதும் இரண்டுக்கும் பொது.

எல்இடியை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம் அன்று. ஹாலஜன் ஹோல்டரில் மாட்டத்தக்க எல்இடி பல்பு ஒன்றுக்கு ஜெர்மனி 2020இல் முதன்முறையாகச் சாலை அனுமதி அளித்தது. ஆனால் ‘எச்7 இருந்தால் எதிலும் மாட்டலாம்’ என்று அது சொல்லவில்லை. எந்த வண்டி, எந்த முகப்பு விளக்கு என்று சோதித்து, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் அனுமதித்தது. பல்பின் பெயர் மட்டும் போதாது, பல்பும் விளக்கும் சேர்ந்த இணையே அலகு என்ற புரிதல் அதில் இருக்கிறது. சொல்லின் பொருள் தொடரில்தான் உறுதிப்படும் என்பதை மொழியியல் மாணவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வியப்பு என்னவெனில், சரியான விடை ஒவ்வொரு வண்டியிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கழற்றிய பல்பின் அடிவளையத்தில் வகையும் வோல்ட்டும் வாட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒப்புதல் பெற்ற பல்பில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும். விளக்கின் முகப்பிலேயே, அது ஹாலஜனுக்கு உரியது, தாழ் ஒளியும் உயர் ஒளியும் தருவது என்று சொல்லும் ‘எச்சிஆர்’ என்ற குறி பல வண்டிகளில் உண்டு. பயனர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பல்புப் பட்டியல் இருக்கும். இவை அனைத்தும் ரோமன் எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், குறுக்கெழுத்தாக உள்ளன. தமிழில் எழுதினால் நிலைமை இன்னும் மோசம். முன்குவிய அடிப்பாகத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் முளை அடிப்பாகத்தைக் குறிக்கும் எழுத்தும் தமிழில் ஒரே ‘பி’ ஆகிவிடுகின்றன. குறியீட்டை எழுத்துப்பெயர்த்தால் போதாது. விளக்கி எழுத வேண்டும்.

அந்த விளக்கத்தை எழுத வேண்டியவர்கள் யார்? அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் இந்நகரில் இயங்குகிறது. தமிழில் கலைச்சொல்லாக்கத்துக்கு அதனினும் நீண்ட வரலாறு உண்டு. எல்இடிக்கு ‘ஒளி உமிழ் டையோடு’ சரியா, ‘ஒளியுமிழ் இருமுனையம்’ சரியா என்று கருத்தரங்கில் ஒரு முற்பகல் முழுதும் விவாதிக்க ஆள் உண்டு. ‘உங்கள் வண்டிக்கு எச்4, 12 வோல்ட், 60/55 வாட், இதற்கு மேல் வாங்காதீர்கள், கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், சரக்கு ஏற்றியபின் விளக்கின் கோணத்தைச் சரிபாருங்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. இந்திக்கும் இதே நிலை. சொல்லை உருவாக்குவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் ஒரு புலம், சொல் சென்று சேராத மனிதரை அறியாதவர் என்று அழைக்கிறது.

வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக அரசின்முன் வந்து நிற்கிறது. அந்த நாளில் விளக்கின் கோணத்தை இலவசமாகத் திருத்தி, அவ்வண்டியின் பல்புப் பட்டியலை ஓட்டுநரின் மொழியில் அச்சிட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம். ஒப்புதல் இல்லாத பொருளின் பெட்டியில் ‘எச்4’ என்ற பெயரை அச்சிடுவதையே குற்றமாக நடத்தி, சோதனையைச் சாலையிலிருந்து சந்தைக்கு மாற்றலாம். சலான் எழுதும் காவலர், எது தவறு, எது சரி என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம். மொழியியல் துறைகள் தம் மாணவர்களின் களப்பணியை ஒரு பருவத்திற்குக் காஷ்மீரி கேட்டுக்கு அனுப்பலாம். பெயர்கள் எவ்வாறு பொருளிழக்கின்றன என்பதற்கு அதைவிடச் செழுமையான களம் அருகில் இல்லை.

இவற்றுள் ஒன்றும் நடைபெறாதவரை, கண் கூசும் ஒவ்வோர் இரவிலும் வசை பாடுவோர் ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. எதிரே வருபவர் டிப்பரைத் தட்டியிருக்கக்கூடும்.